புது டிஸ்ட்ரிபியூட்டர் கியரும் தேய்ந்துவிட்டதா? மாற்றியமைத்த ஸ்மால் பிளாக் செவியில் காரணம் கண்டுபிடிக்க முழு வழிகாட்டி

ஸ்பார்க்கை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பகிர்ந்து கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் கியர் தேய்ந்துவிட்டது என்று தெரிந்ததும் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான்: புது கியர் வாங்கி மாட்டிவிட்டு, ஸ்பார்க் டைமிங்கைச் சரிசெய்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் இன்ஜினில் இது போதும். அங்கே கியர் ஒரு லட்சம் மைல் ஓடியபின் தேய்ந்திருக்கும், புது கியரும் அதே அளவு ஓடும். வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட்டை (சுருக்கமாகக் கேம்) மாற்றி, ஆயில் பம்ப் மாற்றி, பிளாக்கைச் சீவி, ஹெட்டைச் சீவி வைத்த இன்ஜினில் கதையே வேறு. அங்கே கியர் சில நூறு மைலில் தேய்ந்தால் தவறு அநேகமாகக் கியரில் இருக்காது. அதற்கு மேலேயோ கீழேயோ பக்கத்திலேயோ யாரோ செய்த ஒரு மாற்றத்தின் பலனை அது வாங்கிக்கொண்டிருக்கும். அந்த மாற்றம் எது என்று தெரியாமல் போடும் புது கியரும் அதே வழியில்தான் போகும்.

இங்கே எடுத்துக்கொள்வது 1955-இல் வந்த செவ்ரோலெட்டின் (சுருக்கமாக 'செவி') ஸ்மால் பிளாக் வி8. அமெரிக்காவில் இதைவிட அதிகமாகக் கைவைக்கப்பட்ட இன்ஜின் இல்லை என்று தாராளமாகச் சொல்லலாம், அதனால் இந்தக் கோளாறின் எல்லா வகைகளையும் இதில் பார்க்க முடியும். ஃபோர்டின் விண்ட்சர் இன்ஜினில் எங்கே மாறுபடும் என்பதையும் இடையில் சொல்கிறேன்.

முதலில் அமைப்பைப் புரிந்துகொள்வோம்

ஸ்மால் பிளாக்கில் டிஸ்ட்ரிபியூட்டர் இன்ஜினின் பின்பக்கம், ஃபயர்வால் அருகே இருக்கும். இன்டேக் மேனிஃபோல்டின் துளை வழியாக இறங்கி, கேமின் பின்முனையில் வெட்டியிருக்கும் சாய்வுப் பல் கியரோடு பிணைந்துகொள்ளும். டிஸ்ட்ரிபியூட்டரின் அடி நுனி இன்னும் கீழே போய், ஆயில் பம்பைச் சுற்றும் ஷாஃப்டின் வெட்டில் உட்காரும். ஆக, இந்தச் சின்னக் கியருக்கு இரண்டு வேலை. மேலே ஸ்பார்க்கைப் பகிரும் ரோட்டரைச் சுற்றுவது ஒன்று, அதற்குப் பெரிய பலம் தேவையில்லை. கீழே ஆயில் பம்பைச் சுற்றுவது இன்னொன்று, சுமை முழுக்க அங்கேதான். பல் தேய்வதை இக்னிஷன் பிரச்சினையாகவே பார்த்துப் பழகியவர்கள் இந்த இரண்டாவது வேலையை மறந்துவிடுகிறார்கள்.

இன்னொரு விவரத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் கியரில் 13 பல், கேமிலும் அதே எண்ணிக்கை. ஒன்றுக்கு ஒன்று என்பதால் ஒரே பல் எப்போதும் ஒரே பள்ளத்தில்தான் விழும். கேமில் ஒரு பல் அடிபட்டிருந்தால், டிஸ்ட்ரிபியூட்டர் கியரிலும் அதற்கு நேரான ஒரே ஒரு பல்தான் கெடும். தேய்மானத்தைப் படிக்கும்போது இது பெரிய துப்பு.

சுமை சீராக இருந்து, பற்கள் நடுவில் சந்தித்து, எண்ணெயும் விழுந்துகொண்டிருந்தால் இந்த ஜோடி தேயவே தேயாது என்று சொல்லும் அளவுக்கு நீடிக்கும். தேய்கிறது என்றால் மூன்றில் ஒன்றாவது கெட்டிருக்கிறது, அல்லது இரண்டு உலோகங்களும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை.

கழற்றுவதற்கு முன்

டிஸ்ட்ரிபியூட்டரை வெளியே எடுத்துவிட்டால் சில சோதனைகளைச் செய்ய முடியாது. எனவே அவசரப்பட வேண்டாம்.

டைமிங் லைட்டை மாட்டி ஐடிலில் டாம்பர் (கிராங்க்ஷாஃப்ட் முன்முனையில் உள்ள சக்கரம்) குறியைப் பாருங்கள். குறி ஓரிடத்தில் நிற்காமல் முன்னும் பின்னும் துள்ளினால் எங்கோ ப்ளே, அதாவது தளர்வான இடைவெளி, இருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு டிகிரி தடுமாறினால் கிராங்கில் அது இரண்டு டிகிரியாகத் தெரியும், ஆகவே கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் லைட் காட்டிக்கொடுத்துவிடும். இதைவிட நம்பகமான அறிகுறி ஒன்று உண்டு. சரியாக வைத்த டைமிங் சில வாரங்களில் தானாகவே பின்தங்கிப் போகும். திரும்ப வைத்தால் மறுபடியும் பின்தங்கும். கிளாம்ப் இறுக்கமாக இருந்தும் இப்படி நடந்தால் பல் கரைந்துகொண்டே போகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

டைமிங் செயின் தளர்ந்தாலும் இதே அறிகுறிதான் வரும். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி: வால்வ் கவர் ஒன்றையும் டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பையும் கழற்றுங்கள். கிராங்கை ஒரு திசையில் கையால் சுற்றிக்கொண்டே வந்து, ஒரு ராக்கர் (வால்வை அழுத்தும் கை) அசையத் தொடங்கிய பிறகு நிறுத்துங்கள். பிறகு எதிர்த்திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். ராக்கர் அசையும் வரை டாம்பர் எத்தனை டிகிரி நகர்ந்ததோ அது செயினின் தளர்ச்சி. ராக்கர் அசைந்த பிறகும் ரோட்டர் அசையாமல் நிற்கிறது என்றால், அந்தக் கூடுதல் இடைவெளி கியருடையது.

ரோட்டரைக் கையால் திருகிப் பார்ப்பதும் உண்டு. வேகத்துக்கேற்ப டைமிங்கை முன்னே தள்ளும் மெக்கானிக்கல் அட்வான்ஸ் உள்ள டிஸ்ட்ரிபியூட்டரில் ரோட்டர் ஒரு பக்கம் ஸ்பிரிங்கை எதிர்த்துத் திரும்பி, விட்டதும் திரும்பி வரும். அது இயல்பு. ஸ்பிரிங் இழுக்காமல், இரு பக்கமும் தொளதொளவென்று ஆடும் பகுதிதான் நீங்கள் தேடுவது.

1996-க்குப் பிறகு வந்த வோர்டெக் இன்ஜின் என்றால் கதை கொஞ்சம் மாறும். அங்கே ஸ்பார்க் டைமிங்கைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும், டிஸ்ட்ரிபியூட்டரைத் திருகினால் டைமிங் மாறாது. கியர் தேய்ந்தால் கேமுக்கும் கிராங்குக்கும் பொருத்தமில்லை என்று பி1345 கோடு வரும். ஸ்கேனரில் கேம் ரிடார்ட் என்ற எண் பூஜ்யத்திலிருந்து இரண்டு டிகிரிக்கு மேல் விலகியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஆயிலைக் கேளுங்கள்

அடுத்து டிப்ஸ்டிக்கை உருவி, விரல் நுனியில் ஒரு சொட்டு ஆயில் எடுத்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். வெண்கலக் கியர் தேய்ந்திருந்தால் நகைப் பட்டறைத் தூசி போலப் பொன்னிறப் பொடி மினுங்கும். இந்தப் பொடி காந்தத்தில் ஒட்டாது. பேரிங் செப்பும் இதே நிறத்தில் வரலாம் என்பதால் நிறத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். வார்ப்பிரும்பு அல்லது ஸ்டீல் கியர் என்றால் டிரெயின் பிளக் காந்தத்தில் கறுப்புக் குழைவாக ஒட்டியிருக்கும்.

ஆயில் ஃபில்டரை அறுத்துத் திறந்து காகித மடிப்புகளை விரித்துப் பார்ப்பது இன்னும் நல்லது. ஒன்றைக் கவனியுங்கள்: கியரிலிருந்து உதிரும் துகள் முதலில் ஆயில் பேனில் விழும், அங்கிருந்து பம்புக்குள் போகும், அதற்குப் பிறகுதான் ஃபில்டர். பம்பின் உள்பக்கம் கீறல் விழுந்து அது இறுகத் தொடங்கினால் கியர் மேல் சுமை இன்னும் ஏறும், தேய்மானமும் வேகமெடுக்கும். ஆயிலில் உலோகம் கண்டால் பம்பைச் சோதிக்காமல் விடக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

ஆயில் பிரஷர் மீட்டர் நன்றாகக் காட்டுகிறதே என்று ஆறுதல் அடையாதீர்கள். பல்லில் கடைசிக் கீற்று மிச்சமிருக்கும் வரை பம்ப் முழு வேகத்தில்தான் சுற்றும். பல் அறுந்த கணத்தில் ஸ்பார்க்கும் நிற்கும், பிரஷரும் பூஜ்யமாகும். ஒரு வகையில் அது இன்ஜினுக்கு நல்லதுதான், ஸ்பார்க் இல்லாததால் ஆயில் இல்லாமல் எரிந்து ஓடாது. ஆனாலும் அந்த வேகத்தில் சுழன்றுகொண்டிருந்த கிராங்க் நிற்கும் வரை பேரிங்குகள் வறண்டுதான் சுற்றும்.

வெளியே எடுக்கும் முறை

பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றுங்கள். முதல் சிலிண்டரைக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சத்தில் நிறுத்தி, ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்றும் உடல் மேனிஃபோல்டில் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்றும் பெயின்ட் மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். கிளாம்பைக் கழற்றித் தூக்கும்போது பல் சாய்வின் காரணமாக ரோட்டர் கொஞ்சம் திரும்பும். அது திரும்பி நின்ற இடத்தையும் குறியுங்கள், திரும்ப மாட்டும்போது அங்கிருந்துதான் இறக்க வேண்டும்.

வெளியே எடுத்தவுடன் கியரைத் துடைக்க வேண்டாம். அழுக்கோடும் எண்ணெயோடும் ஒரு படம் எடுங்கள். பல் காய்ந்து இருக்கிறதா, எண்ணெய் படிந்திருக்கிறதா என்பதே ஒரு சாட்சியம். பிறகு பிளாக்கின் துளை வழியாக டார்ச் அடித்து, அல்லது மலிவான போர்ஸ்கோப் கேமராவை இறக்கி, கேமில் உள்ள கியரைப் பாருங்கள். கிராங்கை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றினால் கேமின் எல்லாப் பல்லும் கண்முன் வந்துபோகும். கேம் கியரும் கூர்மையாகிவிட்டிருந்தால் வருத்தமான செய்திதான், கேமே வெளியே வர வேண்டும். அதில் புது டிஸ்ட்ரிபியூட்டர் கியரைப் போட்டுப் பார்க்கலாம் என்ற ஆசை வேண்டாம்.

பல்லைப் படிப்பது

இந்த வேலையின் இதயம் இதுதான். நல்ல வெளிச்சத்தில், ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியோடு உட்காருங்கள்.

ஒன்றையொன்று தொடாமல் குறுக்காகச் செல்லும் இரண்டு ஷாஃப்டுகளுக்கு இடையே உள்ள சாய்வுப் பல் கியர்கள் முழு அகலத்துக்கும் தொட்டுக்கொள்வதில்லை. சின்ன ஒரு பகுதியில்தான் தொடும். அந்தத் தொடுமிடம் டிஸ்ட்ரிபியூட்டர் கியரில் எந்த உயரத்தில் விழுகிறது என்பதைக் கேமின் மையக்கோடு தீர்மானிக்கிறது. ஆகவே நல்ல கியரில் பல்லின் நீளத்துக்கு நடுவே, மேலும் கீழும் தொடாத பகுதி விட்டு, மினுமினுப்பான ஒரு நீள்வட்டம் தெரியும். அந்தத் தடம் கியரின் மேல்முனைக்கு நகர்ந்திருந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் வேண்டியதைவிடத் தாழ்வாக உட்கார்ந்திருக்கிறது. கீழ்முனைக்கு நகர்ந்திருந்தால் உயரமாக நிற்கிறது. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு ஷிம் (உயரத்தைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) போடுபவர்கள் உண்டு, ஒரு முறை காகிதத்தில் வரைந்து பார்த்துவிட்டால் குழப்பம் வராது.

கேம் கியரில் இதே தடம் முன்பின்னாக அகன்று பரவியிருந்தால் கேம் தன் இடத்தில் நிற்காமல் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர் பல்லின் இரண்டு முகங்களிலும் தேய்ந்திருந்தாலும் கேம் மீது சந்தேகம் போக வேண்டும். சுமை ஒரே திசையில் இருக்கும் கியரில் ஒரு முகம்தான் தேய வேண்டும்.

எல்லாப் பல்லும் ஒரே மாதிரி, வழவழப்பாகக் கத்தி முனையாகியிருந்தால் சுமை அதிகம், அல்லது மென்மையான உலோகம் தன் இயல்புப்படி கரைந்திருக்கிறது. பல் முகம் சொரசொரவென்று கிழிந்து, உலோகம் இழுபட்டு ஒட்டியிருந்தால் உலோகப் பொருத்தமின்மை அல்லது எண்ணெய் வறட்சி. நீலம் பாய்ந்திருந்தால் வறட்சி உறுதி. சில பற்கள் மட்டும் அதிகம் தேய்ந்து எதிர்ப்பக்கம் நன்றாக இருந்தால் கியர் மையம் விலகி மாட்டப்பட்டிருக்கிறது, அல்லது ஷாஃப்ட் வளைந்திருக்கிறது. ஒரே ஒரு பல் மட்டும் கெட்டிருந்தால், மேலே சொன்ன 13-க்கு 13 கணக்குப்படி, கேமில் அதற்கு நேரான பல்லைத் தேடுங்கள்.

உலோகப் பொருத்தம்

மாற்றியமைத்த இன்ஜினில் நான் முதலில் கேட்கும் கேள்வி இது: கேம் எது? விடை கேமோடு வந்த அட்டையில் இருக்கும். அந்த அட்டையைத் தூக்கி எறிந்திருந்தால் கேமின் பின்முனையில் உள்ள எண்ணை வைத்துத் தயாரிப்பாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

பழைய ஃபிளாட் டேப்பெட் (கேமின் மேல் தட்டையான அடியோடு சறுக்கும் தள்ளி) கேம் வார்ப்பிரும்பு, அதற்குச் சாதாரண வார்ப்பிரும்புக் கியரே போதும். ஜெனரல் மோட்டார்ஸ் 1987-இலிருந்து ஸ்மால் பிளாக்கில் அடியில் உருளை உள்ள ஹைட்ராலிக் ரோலர் டேப்பெட்டுக்கு மாறியது. அந்த ஸ்டீல் கேம்களுக்கு மெலனைஸ் செய்த, அதாவது மேற்பரப்பு கடினமாக்கப்பட்ட கியர் தேவை. ரேஸுக்கான 8620 வகை பில்லட் (முழுத் துண்டிலிருந்து கடைந்த) ஸ்டீல் ரோலர் கேம்களுக்கு வழக்கமாக வெண்கலக் கியர் போடுவார்கள், பாலிமர் கியரும் உண்டு. சில பில்லட் கேம்களில் பின்பக்கக் கியரை மட்டும் வார்ப்பிரும்பில் செய்து இறுக்கி மாட்டியிருப்பார்கள், அப்போது சாதாரணக் கியரே போட்டுக்கொள்ளலாம். ஆக, "ரோலர் கேம் என்றால் வெண்கலம்" என்ற வாய்ப்பாடு பாதிதான் சரி.

வெண்கலம் வேண்டுமென்றே பலி கொடுக்கும் உலோகம். கேமைக் காப்பாற்றுவதற்காக அது தேய்கிறது. வார இறுதியில் டிராக்கில் ஓடி, அடிக்கடி பிரித்துப் பார்க்கப்படும் இன்ஜினுக்கு அது பொருத்தம். தினமும் தெருவில் ஓடும் காரில் வெண்கலக் கியர் தேய்ந்துவிட்டது என்று புகார் சொல்வதில் அர்த்தமில்லை, அது தன் வேலையைத்தான் செய்திருக்கிறது. அங்கே கேள்வி, இவ்வளவு சீக்கிரமாகவா என்பதுதான். தெருவில் ஓடும் வண்டிக்குக் கேம் தயாரிப்பாளர் அனுமதித்தால் மெலனைஸ் கியரையே நான் தேர்ந்தெடுப்பேன்.

ஃபோர்டில் இதே கண்ணி வேறு தேதியில் காத்திருக்கிறது. மஸ்டாங்கின் 5.0 இன்ஜின் 1985-இல் ரோலர் கேமுக்கு மாறியபோது ஸ்டீல் கியருக்கும் மாறியது. அதே விண்ட்சர் குடும்பத்தின் பழைய 302 இன்ஜினின் டிஸ்ட்ரிபியூட்டரை வார்ப்பிரும்புக் கியரோடு எடுத்து அதில் மாட்டினால் சீக்கிரமே அரைத்துத் தள்ளிவிடும்.

உயரம்: சீவிய பிளாக்குகளின் நோய்

ஸ்மால் பிளாக்கில் டிஸ்ட்ரிபியூட்டரின் காலர் இன்டேக் மேனிஃபோல்டின் மேல் உட்காருகிறது. பிளாக்கின் மேற்புறத்தைச் சீவினால், ஹெட்டைச் சீவினால், மேனிஃபோல்டைச் சீவினால், ஒவ்வொரு தடவையும் மேனிஃபோல்ட் இறங்கும், அதோடு டிஸ்ட்ரிபியூட்டரும் இறங்கும். கேமும் ஆயில் பம்பும் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். இறங்க இடம் தீர்ந்ததும் டிஸ்ட்ரிபியூட்டர் நுனி ஆயில் பம்ப் ஷாஃப்டை அழுத்தத் தொடங்கும். அப்போது மேலே கியரின் அடிப்பகுதி முதல் கீழே பம்பின் கியர் வரை எல்லாமே நெருக்குண்டு சுற்றும். ஃபோர்ட் விண்ட்சரில் டிஸ்ட்ரிபியூட்டர் நேரடியாக பிளாக்கில் உட்காருவதால் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே கியர் ஷாஃப்டில் எந்த உயரத்தில் முளை (பின்) அடித்துப் பொருத்தப்பட்டிருக்கிறது என்பதே முக்கியம்.

சோதிக்க எளிய வழி இருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரை மேசைமேல் வைத்து, கியருக்கும் உடலுக்கும் நடுவே ஃபில்லர் கேஜ் விட்டு மேல்கீழ் ப்ளேயை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு இன்ஜினில் மாட்டி, கிளாம்பை இறுக்கி, ரோட்டரைப் பிடித்து மேலும் கீழும் அசைத்து டயல் கேஜில் அதே ப்ளேயை அளந்து பாருங்கள். மேசையில் இருந்த ப்ளே இன்ஜினில் காணாமல் போயிருந்தால் நுனி கீழே முட்டுகிறது. தூக்கும்போது பல் சாய்வால் ரோட்டர் லேசாகத் திரும்பும், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

இன்னும் நிச்சயம் வேண்டுமென்றால் ஆயில் பம்ப் ஷாஃப்டின் வெட்டில் ஒரு துண்டு மாடலிங் களிமண் வைத்து, டிஸ்ட்ரிபியூட்டரைக் கேஸ்கெட்டோடு முழுதாக இறக்கி, வெளியே எடுத்து நசுங்கிய கனத்தை அளக்கலாம். அங்கே ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு இடைவெளி இருந்தால் நிம்மதி. களிமண்ணை ஒரு பொட்டு விடாமல் எடுத்துவிடுங்கள், அது ஆயிலில் போகக் கூடாது.

தாழ்ந்திருந்தால் காலருக்கு அடியில் கனமான கேஸ்கெட்டோ ஷிம்மோ வைத்துத் தூக்கலாம். காலரை நகர்த்தி இறுக்கும் வகை டிஸ்ட்ரிபியூட்டர்களும் கிடைக்கின்றன, சீவிய பிளாக்குக்கு அவைதான் வசதி. ஷிம் வைத்தபின் பல்லில் மார்க்கர் மை பூசி, இறக்கி, கிராங்கைச் சில சுற்றுச் சுற்றி எடுத்துத் தடம் நடுவுக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள். வேறு நீளத்தில் உள்ள ஆயில் பம்ப் ஷாஃப்டை யாராவது மாட்டியிருந்தாலும் இதே முட்டல் வரும். அங்கே ஷிம் தீர்வல்ல, சரியான ஷாஃப்ட்தான்.

ஆயில் பம்ப்

"எதற்கும் இருக்கட்டும்" என்று ஹை வால்யூம் பம்ப் போடுவது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. மெல்லிங் எம்55 என்பது ஸ்மால் பிளாக்கின் சாதாரண பம்ப், அதன் எம்55எச்வி வடிவம் 25 சதவீதம் அதிக ஆயில் தள்ளும். அந்தக் கூடுதல் வேலைக்கான கூலியைக் கொடுப்பது இந்தக் கியர்தான். ஆயிரம் ஆர்.பி.எம்-க்கு 10 பி.எஸ்.ஐ. ஆயில் பிரஷர் என்ற பழைய கணக்குப்படி, 6,000 வரை போகும் தெரு இன்ஜினுக்கு 60 பி.எஸ்.ஐ. போதும். அதை நல்ல நிலையில் உள்ள சாதாரண பம்பே கொடுக்கும். பேரிங் இடைவெளி தளர்வாக வைத்த ரேஸ் இன்ஜினுக்கு ஹை வால்யூம் தேவைப்படலாம். இறுக்கமான பேரிங்கோடு, ஹை பிரஷர் ஸ்பிரிங்கும் போட்டு, 20டபிள்யூ-50 ஆயிலும் ஊற்றி, குளிர்காலக் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எந்தக் கியரும் தாங்காது.

பம்பைச் சோதிக்க டிஸ்ட்ரிபியூட்டர் வெளியே இருக்கும்போதே டிரில்லில் பிரைமிங் கருவியை (ஸ்டார்ட் செய்யும் முன் ஆயிலை ஏற்றும் கம்பி) மாட்டிச் சுற்றுங்கள். செவியில் மேலிருந்து பார்க்கக் கடிகார திசை, ஃபோர்ட் 302-இல் எதிர்த்திசை. டேப்பெட் ஆயில் வழி டிஸ்ட்ரிபியூட்டர் உடலைச் சுற்றித்தான் போகிறது என்பதால், செவியில் வெறும் கம்பியை விட்டால் ஆயில் அங்கேயே ஒழுகிப் பிரஷர் வராது. அந்த இடத்தை அடைக்கும் உறையுள்ள கருவி, அல்லது கியரைக் கழற்றிய பழைய டிஸ்ட்ரிபியூட்டர் உடல் வேண்டும். டிரில்லில் சுமை ஒரே சீராக இருக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் இடறினால் பம்புக்குள் துகள் சிக்கியிருக்கிறது அல்லது ஷாஃப்ட் வளைந்திருக்கிறது. ஆயில் பேனை இறக்கியே ஆக வேண்டும்.

கேம் நடப்பது

ஃபிளாட் டேப்பெட் கேமின் லோபுகள் (வால்வை அசைக்கும் மேடுகள்) மிக லேசாகச் சரிவாகத் தீட்டப்பட்டிருக்கும், அந்தச் சரிவு கேமைப் பின்னோக்கித் தள்ளிப் பிடித்து வைத்திருக்கும். ரோலர் கேமில் சரிவு இல்லை, எனவே பிடித்து வைக்க ஏதாவது வேண்டும். 1987-க்குப் பிந்தைய பிளாக்குகளில் முன்னால் ஒரு தட்டு இந்த வேலையைச் செய்யும். பழைய பிளாக்கில் ரோலர் கேம் போட்டால் முன்னால் கேம் பட்டன் வைத்து, டைமிங் கவர் அதைத் தாங்கும்படி செய்ய வேண்டும். மெல்லிய தகரக் கவர் வளைந்து கொடுக்கும். அளந்து வைத்த இடைவெளி இன்ஜின் சூடானதும் இரட்டிப்பாகிவிட்ட இன்ஜின்கள் உண்டு. பட்டன் வைத்த ஸ்மால் பிளாக்கில் பொதுவாக 0.005 முதல் 0.010 அங்குலம் வரை விடுவார்கள். கேமை முன்னால் தள்ளி, பின்னால் தள்ளி டயல் கேஜில் பாருங்கள், கவரை அழுத்திப் பிடித்தும் ஒரு முறை பாருங்கள். கேம் முன்னால் நடக்கும் ஒவ்வொரு தடவையும் சாய்வுப் பல் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிவிடும், டைமிங் லைட்டில் குறி துள்ளுவது அதனாலும் இருக்கலாம்.

எண்ணெய் வறட்சி

கியருக்கென்று தனிக் குழாய் கிடையாது. மேலிருந்து வழியும் ஆயிலும் சிதறும் ஆயிலும்தான் அதற்கு உணவு. ரேஸ் இன்ஜினில் மேலே போகும் ஆயிலைக் குறைக்கத் தடுப்பான் வைப்பார்கள், டேப்பெட்டுகள் இருக்கும் பள்ளத்திலிருந்து கேம் மேல் சொட்டாமல் குழாய் நட்டு வடிப்பார்கள். எல்லாம் நல்ல நோக்கம்தான், ஆனால் கியர் பட்டினி கிடக்கும். இதற்கு ஒரு பழைய வைத்தியம்: டிஸ்ட்ரிபியூட்டர் உடலில் ஆயில் வழியை அடைக்கும் இரண்டு வளையங்களில் கீழ்வளையத்தில், கேம் கியர் இருக்கும் பக்கம் பார்த்து, சுமார் 0.030 அங்குல அகல ஆழத்தில் அரத்தால் ஒரு காடி எடுப்பது. பிரஷரில் இருக்கும் ஆயில் அதன் வழியே நேராகப் பல்லில் பீய்ச்சும். அதற்கு மேல் பெரிதாக்கினால் டேப்பெட்டுக்குப் போக வேண்டிய ஆயில் குறையும்.

புது கியரை மாட்டும்போது

காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகுதான் இந்தக் கட்டம். ஷாஃப்ட் விட்டம் டிஸ்ட்ரிபியூட்டருக்கு டிஸ்ட்ரிபியூட்டர் மாறும். செவியில் 0.491, 0.500 அங்குலம் இரண்டும் புழக்கத்தில் உள்ளன. 0.500 துளை உள்ள கியர் 0.491 ஷாஃப்டில் கையாலேயே ஏறிவிடும், பின்னும் அடித்துவிடலாம், ஆனால் மையம் விலகித்தான் சுற்றும். கியர் இறுக்கமாக ஏற வேண்டும். கியரில் உள்ள சிறு குழி ரோட்டர் நுனி பார்க்கும் திசையிலேயே வர வேண்டும். 13 பல் என்பதால் கியரைத் தலைமாற்றி மாட்டினால் ரோட்டர் அரைப் பல் தூரம், அதாவது ஏறத்தாழ 14 டிகிரி, தள்ளி நிற்கும். துளை போடாமல் வரும் கியரை லேத் பட்டறையில் கொடுத்துச் சரியான உயரத்தில் துளைக்கச் சொல்லுங்கள். பழைய ரோல் பின்னை மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

ஷாஃப்ட் புஷ்கள் தேய்ந்திருக்கின்றனவா என்பதை இப்போதே பார்த்துவிடுங்கள். ஷாஃப்டைப் பக்கவாட்டில் தள்ளினால் கையில் ப்ளே தெரிகிறது என்றால் புது கியர் போடுவது வீண்செலவு. பல்லில் மாலிப்டினம் கலந்த அசெம்பிளி பேஸ்ட்டைத் தாராளமாகப் பூசுங்கள். ஆயில் பேனைக் கழுவி, ஃபில்டரை மாற்றி, புது ஆயில் ஊற்றி, டிஸ்ட்ரிபியூட்டரை இறக்கும் முன் டிரில்லால் பிரஷர் ஏற்றிக்கொள்ளுங்கள். ஸ்டார்ட் செய்த பிறகு ஆயில் சூடாகும் வரை ரேஸ் செய்ய வேண்டாம்.

முதல் இருநூறு முந்நூறு கிலோமீட்டருக்குள் டிஸ்ட்ரிபியூட்டரை மறுபடியும் தூக்கிப் பாருங்கள். அப்போது எடுக்கும் படத்தைப் பழைய படத்தோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். கழற்றி மாட்டும்போது அதே பல் அதே பள்ளத்தில் விழும்படி குறித்து வைத்துக்கொள்வது நல்லது, ஒன்றோடொன்று பழகிய பற்களைக் கலைக்க வேண்டாம். தடம் நடுவில், ஒரு முகத்தில் மட்டும், மினுமினுப்பாக இருந்தால் அடுத்த ஆயில் மாற்றும்போது ஃபில்டரை அறுத்துப் பார்த்தால் போதும். தடம் நடுவில் இருந்தும் பல் முகம் மறுபடி கிழிந்திருந்தால், உயரம், பம்ப், ஆயில் எல்லாம் சரிபார்த்தாகிவிட்ட நிலையில், மிச்சமிருப்பது கேமில் உள்ள கியர் ஒன்றுதான். இன்னொரு கியருக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன் டைமிங் கவரைக் கழற்றிக் கேமை உருவுங்கள்.